ஆட்டுத்தலை உருவத்துக்கு அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது?



நான் மானிப்பாயில் உள்ள ஒரு பாடசாலையில் வரலாறு படிப்பிக்கும் ஆசிரியன். வீடு யாழ்ப்பாணம் சோனகத் தெருவில். காலையில் ஆனைக்கோட்டை வழியாக பஸ்ஸில் போய், பின்னேரம் திரும்பி வருவேன். மஃரிபுக்குப் பிறகு எங்கள் தெருப் பிள்ளைகள் சிலர் வீட்டு விறாந்தைக்குக் கொப்பிகளோடு வருவார்கள். பாடத்தில் விளங்காததைக் கேட்பார்கள். காசு வாங்குவதில்லை.

சில வாரங்களுக்கு முன்னர் தரம் 10 படிக்கும் ஒரு மகன் கொப்பியைத் திறக்காமல் கைத்தொலைபேசியை நீட்டினான். அதில் ஒரு வீடியோ. ஆட்டுத்தலை, இரண்டு கொம்புகள், கொம்புகளுக்கு நடுவே தீப்பந்தம், நெற்றியில் ஐந்து முனை நட்சத்திரம், பெண்ணின் மார்பு, முதுகில் சிறகு, கால்களில் குளம்பு. பின்னணியில் பயமுறுத்தும் இசை. உலகத்தை ஆளும் இரகசியக் கூட்டம் வணங்கும் ‘பாஃபோமெட்’ என்ற ஷைத்தான் இதுதான் என்று ஒரு குரல் சொல்லிக்கொண்டே போகிறது. கடைசியில் மரங்கள், பாம்புக் கற்கள், சூரியன், பிறை என்று பல படங்கள் ஓடுகின்றன. இயற்கையை வணங்கும் எல்லாரும் இதே ஷைத்தானைத்தான் வணங்குகிறார்கள் என்று முடிகிறது.

“சேர், நீங்க படிப்பிக்கிற மானிப்பாயில மருத மரத்துக்குக் கீழ ஒரு கோயில் இருக்காமே, அதுவும் இதுதானா?” என்று அவன் கேட்டான்.

பிறகு மெதுவாக இன்னொன்றும் சொன்னான். தன்னோடு நாலு வருடமாகக் கிரிக்கெட் விளையாடும் இந்து நண்பனின் வீட்டுக்கு இப்போது போவதில்லையாம். காரணம் கேட்டதற்கு, “அவங்கட வீட்டிலயும் வேப்ப மரத்தடியில விளக்கு வைக்கிறாங்க சேர்” என்றான்.

அன்றிரவு எனக்குச் சரியாக நித்திரை வரவில்லை. வரலாறு படித்தவன் என்ற முறையில் அந்தப் பெயரின் கதை எனக்குக் கொஞ்சம் தெரியும். அது தெரியாமல்தான் நம் பிள்ளைகள் இந்த வீடியோவைப் பகிர்கிறார்கள். தெரிந்தால் அந்தப் பெயரைச் சொல்லவே கூசுவார்கள். ஆகவே அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

பெயரின் கதை

முதலாம் சிலுவைப் போர்க் காலம். 1098 இல் அந்தாக்கியா நகர முற்றுகை பற்றி ஒரு சிலுவைப் போர் வீரர் தன் நாட்டுக்குக் கடிதம் எழுதினார். நகரத்தில் இருந்தவர்கள் சத்தமாக ‘பாஃபோமெத்’தை அழைத்தார்கள் என்று அதில் வருகிறது. நகரத்தில் இருந்தவர்கள் முஸ்லிம்கள். அக்காலத் தென் பிரான்ஸ் மொழியில் நமது நபி முஹம்மத் (ஸல்) அவர்களின் பெயரைத் திரித்து ‘பஃபோமெத்’ என்று எழுதும் வழக்கம் இருந்தது. பள்ளிவாசலைக் குறிக்கவும் அதே பெயரிலிருந்து பிறந்த ஒரு சொல்லை அக்கால வரலாற்றாசிரியர் ஒருவர் பயன்படுத்தியிருக்கிறார். இந்தப் பெயருக்கு வேறு விளக்கங்கள் சொன்னவர்களும் உண்டு. ஆனால் இன்று ஆய்வாளர்களில் பெரும்பாலானோர் ஏற்பது இதைத்தான்.

அக்கால ஐரோப்பியப் பொதுமக்கள் முஸ்லிம்களை விக்கிரக வணக்கக்காரர் என்றே நம்பினார்கள். ‘ரோலாந்தின் பாடல்’ என்ற பழைய பிரெஞ்சுக் காவியத்தில் முஸ்லிம்கள் மூன்று சிலைகளை வணங்குவதாக வருகிறது. அந்த மூன்றில் ஒன்றுக்கு நபியவர்களின் பெயரையே வைத்திருக்கிறார்கள். சிலையை உடைத்த சமூகத்தின் மீது சிலையை வணங்கியதாகப் பழி.

அடுத்தது 1307. டெம்ப்ளர் எனப்படும் கிறிஸ்தவப் போர்த் துறவிகளின் அமைப்பு அப்போது பெரும் செல்வம் சேர்த்திருந்தது. பிரான்ஸ் மன்னன் நான்காம் பிலிப்புக்கு அவர்களிடம் கடனும் இருந்தது. அந்த ஆண்டு ஒக்டோபர் 13 ஆம் திகதி வெள்ளிக்கிழமை நாடு முழுவதும் அவர்களைக் கைது செய்வித்தான். ஒரு தலையை இரகசியமாக வணங்கினார்கள் என்பது குற்றச்சாட்டுகளில் ஒன்று. சித்திரவதை செய்து வாக்குமூலம் வாங்கினார்கள். ஒருவர் தாடி வைத்த தலை என்றார், இன்னொருவர் மூன்று முகம் என்றார், வேறொருவர் பூனை என்றார். தென் பிரான்ஸில் பதிவான சில வாக்குமூலங்களில் ‘பாஃபோமெட்டின் உருவம்’ என்ற சொல் வருகிறது. அதாவது, ‘இவர்கள் இரகசியமாக முஸ்லிம்களின் தெய்வத்தை வணங்கினார்கள்’ என்பதுதான் அந்தப் பழியின் பொருள். 1312 இல் அந்த அமைப்பு கலைக்கப்பட்டது. 1314 இல் அதன் தலைவர் ஜாக் டி மொலே உயிரோடு எரிக்கப்பட்டார்.

இதில் ஆட்டுத்தலை எங்கே என்று கேட்பீர்கள். இதுவரை ஆடே இல்லை. ஆடு வர இன்னும் ஐந்நூறு வருடங்களுக்கு மேல் ஆனது.

படத்தின் கதை

அல்போன்ஸ் லூயி கொன்ஸ்தான் என்பவர் பாரிஸில் கத்தோலிக்கக் குருவாகப் படித்து, இடையில் விலகியவர். எலிஃபாஸ் லேவி என்ற புனைபெயரில் மந்திர வித்தை பற்றிய நூல்களை எழுதினார். 1854 க்கும் 1856 க்கும் இடையில் வெளிவந்த அவருடைய நூலில்தான் இந்தப் படம் முதன்முதலாக வருகிறது. வரைந்தவரும் அவரே. நம் பிள்ளைகள் பார்க்கும் உருவத்தின் வயது இருநூறு வருடம்கூட இல்லை.

லேவி அதை ஷைத்தான் என்று சொல்லவில்லை. இயற்கை முழுவதையும், அதில் உள்ள எதிரெதிர்ச் சக்திகள் ஒன்றையொன்று சமன் செய்து நிற்பதையும் ஒரே படத்தில் காட்ட முயன்றார். ஆட்டுத்தலை விலங்குத் தன்மைக்கு. கொம்புகளுக்கு நடுவே உள்ள தீப்பந்தம் அறிவுக்கு. சிறகு காற்றுக்கும் செதில் நீருக்கும் குளம்பு நிலத்துக்கும் நெருங்கியவை. ஆண் கை ஒன்று, பெண் கை ஒன்று. ஒரு கை மேலே வெண் பிறையைக் காட்டுகிறது, மற்றது கீழே கரும் பிறையைக் காட்டுகிறது. கைகளில் இரண்டு இலத்தீன் சொற்கள் எழுதப்பட்டுள்ளன. ஒன்றின் பொருள் ‘கரை’, மற்றதன் பொருள் ‘உறையச் செய்’. இரண்டும் இரசவாதிகளின் சொற்கள்.

இங்கே நாம் நேர்மையாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மேலே உள்ளதும் கீழே உள்ளதும் ஒன்றையொன்று ஒத்தவை என்ற கருத்து மேற்கத்திய மந்திர மரபுக்கு மரகதப் பலகை எனப்படும் ஒரு சிறு வாசகத்திலிருந்து வந்தது. அந்த வாசகம் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய வடிவம் அரபு மொழியில்தான் இருக்கிறது. 12 ஆம் நூற்றாண்டில் அது இலத்தீனுக்குப் போனது. கிரகங்களின் பெயரால் தாயத்துச் செய்யும் முறைகளைச் சொல்லும் ‘காயத்துல் ஹகீம்’ என்ற நூலும் அந்தலூஸில் அரபியில் எழுதப்பட்டு, 1256 இல் ஸ்பெயினில் மொழிபெயர்க்கப்பட்டது. இப்னு கல்தூன் தன் முகத்திமாவில் இந்த வித்தைகளை எடுத்து ஆராய்ந்து கண்டித்திருக்கிறார். ஆக, நம் உலகத்திலிருந்தும் இந்தச் சரக்கு ஏற்றுமதியாகியிருக்கிறது. நம் உலமாக்கள் அதை எதிர்த்தும் எழுதியிருக்கிறார்கள்.

ஆடு எங்கிருந்து வந்தது? இரண்டு பழைய கதைகளிலிருந்து. எகிப்தின் மெண்டிஸ் நகரத்தவர் ஆட்டைப் புனிதமாகக் கருதினர் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதினார். அங்கு உண்மையில் இருந்தது செம்மறிக் கடாவின் தலை கொண்ட ஒரு தெய்வம். மற்றது பான் என்ற கிரேக்க மேய்ப்பர் தெய்வம். ஆட்டுக் கால், கொம்பு, கையில் குழல். காட்டில் தனியாக நிற்கும்போது காரணமில்லாமல் மனிதருக்கு வரும் திகிலுக்குக் காரணம் அவன்தான் என்று கிரேக்கர் நம்பினர். ஆங்கிலத்தில் ‘பெனிக்’ என்று நாம் இன்று சொல்லும் சொல் அவன் பெயரிலிருந்து பிறந்தது. ‘பான்’ என்ற ஒலிக்குக் கிரேக்க மொழியில் ‘எல்லாம்’ என்றும் பொருள் இருந்ததால், பின்னாளில் அவனை முழு இயற்கைக்கும் அடையாளமாக்கினார்கள்.

லேவி வரைந்த படத்தைப் பின்வந்தவர்கள் தங்கள் தேவைக்கு எடுத்துக்கொண்டார்கள். 1909 இல் இங்கிலாந்தில் வெளிவந்த டாரட் சீட்டுக் கட்டில் ‘பிசாசு’ச் சீட்டு அந்தப் படத்தைத் தழுவியது. 1966 இல் அமெரிக்காவில் தொடங்கிய ஷைத்தான் சபை, நட்சத்திரத்துக்குள் ஆட்டுத்தலை வரைந்த சின்னத்தைத் தன்னுடையதாக்கியது. 2015 இல் டெட்ரொய்ட் நகரத்தில் வேறொரு அமைப்பு வெண்கலச் சிலை ஒன்றைத் திறந்தது. தாங்கள் ஷைத்தான் என்ற ஒன்று இருப்பதாகவே நம்பவில்லை என்று அந்த அமைப்பு சொல்கிறது. அமெரிக்க அரசுக் கட்டடங்களில் ஒரு மதத்தின் சின்னத்துக்கு மட்டும் இடம் கொடுப்பதை எதிர்க்கும் அரசியல் போராட்டத்துக்காகவே அதைச் செய்தார்கள்.

ஆக, நபியவர்களின் பெயரைத் திரித்து ஒரு பழி. அந்தப் பழியை வைத்து ஒரு வழக்கு. வழக்கில் வந்த பெயருக்கு ஐந்நூறு வருடம் கழித்து ஒரு படம். இன்று அந்தப் பெயரையும் படத்தையும் நம் பிள்ளைகளே குடும்பக் குழுமங்களில் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள், அதுவும் ஈமானைக் காப்பாற்றுவதாக நினைத்து.

தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒருவர்

மேற்கில் இன்று இயற்கைத் தெய்வங்களை வணங்குவதாகச் சொல்லும் புதிய மதங்களில் பெயர் பெற்றது ‘விக்கா’. அதைத் தொடங்கி வைத்த ஜெரால்ட் கார்ட்னர் நமது நாட்டில் வாழ்ந்தவர் என்பது பலருக்குத் தெரியாது. 1884 இல் இங்கிலாந்தில் பிறந்தவர். 1900 இல் பதினாறு வயதளவில் இலங்கைக்கு வந்து, மலையகத் தேயிலைத் தோட்டங்களில் வேலை பழகினார். கொழும்பில் பிறீமேசன் சங்கத்தில் சேர்ந்தார். பிறகு போர்னியோ, மலாயா என்று போய் சுங்க அதிகாரியானார். மலாய் மக்களின் கிரிஸ் கத்திகள் பற்றி 1936 இல் ஒரு நூல் எழுதினார். அங்கே மலாய் முஸ்லிம்களோடு பழகி, சாட்சிகள் முன் கலிமாவும் சொன்னார் என்று அவருடைய வாழ்க்கை வரலாற்று நூல் கூறுகிறது. ஆனால் முஸ்லிமாக வாழவில்லை. ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பி, 1954 இல் வெளியிட்ட நூலில் பழைய சூனியக்காரரின் மதம் இன்னும் உயிரோடிருக்கிறது என்று அறிவித்தார். 1964 இல் கப்பல் பயணத்தில் இறந்து, தூனிஸ் நகரத்தில் அடக்கப்பட்டார்.

அவருடைய மதத்தில் இரண்டு தெய்வங்கள். ஒன்று கொம்புள்ள ஆண் தெய்வம். காடு, வேட்டை, விதை, மரணம் இவற்றின் அடையாளம். மற்றது பெண் தெய்வம். நிலமும் நிலவும் அதன் அடையாளம். வளரும் பிறை கன்னி, முழு நிலவு தாய், தேயும் பிறை கிழவி என்று பிற்காலத்தில் விளக்கினார்கள். பருவ மாற்றங்களை ஒட்டி வருடத்துக்கு எட்டுப் பண்டிகைகள். ஐந்து முனை நட்சத்திரம் நிலம், நீர், நெருப்பு, காற்று, ஆன்மா என்ற ஐந்துக்கு.

இது ஆதிகாலம் முதல் தொடர்ந்து வந்த மதம் என்று கார்ட்னர் சொன்னார். மார்கரெட் மறே என்ற எகிப்தியல் அறிஞர் 1921 இல் எழுதிய நூலை அதற்கு ஆதாரமாக வைத்தார். அந்த நூலின் வாதத்தைப் பிற்கால வரலாற்றாசிரியர்கள் நிராகரித்துவிட்டார்கள். றொனால்ட் ஹட்டன் என்ற பிரித்தானிய வரலாற்றாசிரியர் 1999 இல் வெளியிட்ட நூலில், இது 20 ஆம் நூற்றாண்டில் பழைய துணுக்குகளிலிருந்து தைக்கப்பட்ட புதிய மதம் என்று விரிவாகக் காட்டினார்.

ஏன் அப்படித் தைத்தார்கள் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். தொழிற்சாலைகளும் புகையும் இங்கிலாந்தை மூடிய காலம் அது. ஆறும் காடும் கைவிட்டுப் போகும்போது மனிதருக்கு ஒரு ஏக்கம் வருகிறது. அந்த ஏக்கம் பொய்யல்ல. அதற்கு அவர்கள் தேடிய மருந்துதான் பிழையானது. படைப்பை இழந்தவர்கள் படைப்பையே வணங்கப் போனார்கள். படைத்தவனை நோக்கிப் போகவில்லை.

அந்த வழியில் உள்ளே போய் வெளியே வந்த ஒருவரும் இருக்கிறார். ரெனே கெனோன் என்ற பிரெஞ்சுக்காரர். இளமையில் பாரிஸின் மந்திரக் குழுக்களில் சேர்ந்து பார்த்தார். அவற்றில் உண்மை இல்லை என்று கண்டு, இஸ்லாத்துக்கு வந்தார். அப்துல் வாஹித் யஹ்யா என்ற பெயரோடு 1930 முதல் கெய்ரோவில் வாழ்ந்து 1951 இல் அங்கேயே வபாத்தானார். ஆவியுலகத் தொடர்பு, பிரம்மஞான சபை ஆகியவற்றுக்கு எதிராக 1920களிலேயே அவர் நூல்கள் எழுதினார். உள்ளே என்ன இருக்கிறது என்று படித்து அறிந்தவர் என்பதால் அவருடைய மறுப்புக்குக் கனம் இருந்தது. பின்னணி இசை தேவைப்படவில்லை.

பச்சை மனிதனும் ஹிழ்ர் (அலை) அவர்களும்

2023 இல் பிரித்தானிய மன்னர் சார்ள்ஸின் முடிசூட்டு விழா அழைப்பிதழில் இலைகளால் ஆன ஒரு முகம் அச்சிடப்பட்டிருந்தது. அதுவும் ஷைத்தான் சின்னம் என்று வீடியோக்கள் வந்தன. அந்த முகம் ஐரோப்பாவின் மத்தியகாலத் தேவாலயத் தூண்களில் நிறைய உண்டு. ‘பச்சை மனிதன்’ என்று அதற்கு இன்று வழங்கும் பெயரை 1939 இல் லேடி றக்லன் என்பவர் ஒரு நாட்டாரியல் சஞ்சிகையில் எழுதிய கட்டுரைதான் பரப்பியது. வசந்தத்தின் அடையாளம் என்று அரண்மனை விளக்கம் கொடுத்தது. கல்லில் செதுக்கியவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதற்கு எழுத்துச் சான்று இல்லை.

சில மேற்கத்திய நூலாசிரியர்கள் இன்னும் ஒரு படி போய், முஸ்லிம்களின் ஹிழ்ரும் இந்தப் பச்சை மனிதனும் ஒன்றே என்று எழுதுகிறார்கள். ‘ஹிழ்ர்’ என்றால் பசுமை என்பதுதான் அவர்களுடைய ஆதாரம். நமக்கு அந்தப் பெயரின் காரணம் புகாரியில் வரும் ஹதீஸில் இருக்கிறது. காய்ந்த வெண் தரையில் அவர் அமர்ந்தபோது அது பசுமையாக அசைந்தது என்பது அதன் கருத்து. ஸூரா கஹ்ஃபில் 60 முதல் 82 வரையான வசனங்களில் மூஸா (அலை) சந்திக்கும் அந்த மனிதர் அல்லாஹ்வின் அடியார் என்றே அறிமுகப்படுத்தப்படுகிறார். பசுமை அவருடைய சக்தி அல்ல, அவருக்குக் கொடுக்கப்பட்டது. ஒரு இயற்கைத் தெய்வத்துக்கும் ஒரு அடியாருக்கும் உள்ள வேறுபாடு இந்த ஓர் இடத்தில் முழுமையாக விளங்கிவிடும்.

யாழ்ப்பாணத்துத் தமிழ்க் குடும்பத்தில் வந்த ஆனந்த குமாரசுவாமி 1934 இல் பாரசீக, முகலாய ஓவியங்களில் வரும் குவாஜா ஹிழ்ர் உருவம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மீன் மேல் நிற்கும் பச்சை அங்கி மனிதர் அது. இந்திய நீர்த் தெய்வக் கதைகளோடு அதை ஒப்பிட்டுப் பார்த்தார். அதற்கு முன்னர் 1928 இலும் 1931 இலும் மரத்தோடும் நீரோடும் தொடர்புள்ள யட்சர் பற்றி இரண்டு பாகங்களாக ஆராய்ந்தவர் அவர். அவருடைய முடிவுகள் எல்லாவற்றையும் நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் மற்றவரின் அடையாளத்தை அவர்களுடைய நூல்களை வைத்து விளங்கிக்கொள்ளும் பொறுமையை அவரிடம் கற்கலாம்.

மருத மரத்தடி

இனி அந்த மகனின் கேள்விக்கு வருகிறேன். மானிப்பாய் மருதடி விநாயகர் கோயில் இந்த ஊரின் அடையாளம். சித்திரைப் புத்தாண்டன்று தேர். மருத மரத்தால்தான் கோயிலுக்கு அந்தப் பெயர். பாடசாலையில் என்னோடு படிப்பிக்கும் ஒரு சைவ ஆசிரியையிடம் நேராகவே கேட்டேன். அவர் எனக்கு அக்கா மாதிரி. வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆவுக்குப் போக என் பாடவேளையைத் தான் எடுத்துக்கொள்பவர்.

“மரத்தை நாங்கள் கடவுள் எண்டு சொல்லுறேல்ல தம்பி. அது தலவிருட்சம். ஒவ்வொரு கோயிலுக்கும் ஒரு மரம் இருக்கும். முதல்ல மரத்தடியிலதான் கும்பிட்டிருப்பினம், பிறகு கோயில் வந்திருக்கும். அதை வெட்டாமக் காப்பாத்திறதும் ஒரு மரியாதை” என்றார். அந்த வீடியோவைக் காட்டியபோது முதலில் சிரித்தார். பிறகு முகம் வாடியது. “எங்களையும் இதுக்குள்ள போட்டிட்டினமோ?” என்று கேட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது.

நமது அகீதா இதில் தெளிவானது. நாம் மரத்தையும் வணங்குவதில்லை, மரத்தடியில் இருப்பதையும் வணங்குவதில்லை. இப்றாஹீம் (அலை) நட்சத்திரத்தையும் சந்திரனையும் சூரியனையும் பார்த்து, மறைபவை இறைவனாக இருக்க முடியாது என்று கண்ட வரலாறு ஸூரா அன்ஆமில் இருக்கிறது. சூரியனுக்கும் சந்திரனுக்கும் ஸுஜூது செய்யாமல் அவற்றைப் படைத்தவனுக்கே செய்யும்படி ஸூரா புஸ்ஸிலத் கட்டளையிடுகிறது. ஹுனைனுக்குப் போகும் வழியில், புதிதாக இஸ்லாத்துக்கு வந்த சிலர் இணைவைப்போருக்கு இருந்த ‘தாத்து அன்வாத்’ மரம் போல் தமக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்டபோது நபியவர்கள் கண்டித்தார்கள். இதில் வளைந்து கொடுக்க எதுவும் இல்லை.

ஆனால் அதே ஸூரா அன்ஆமில் 108 ஆம் வசனம், மற்றவர்கள் அழைத்து வணங்குபவற்றை ஏசுவதைத் தடுக்கிறது. ஏற்காமல் இருப்பது வேறு. ஏசுவது வேறு. இல்லாததைச் சொல்லிப் பழி போடுவது அதையும் விடக் கடுமையானது. அண்டை வீட்டார் தங்கள் பிள்ளையாரை வணங்கும்போது நீ ஷைத்தானை வணங்குகிறாய் என்று சொல்வது தவ்ஹீத் அல்ல. 1098 இல் நம்மைப் பற்றிச் சொன்னார்களே, அதே வேலை.

பழியின் விலை நமக்குத் தெரியும்

ஓர் அடையாளத்தைப் பிழையாக வாசித்தால் என்ன நடக்கும் என்பதற்கு நாம் ஐரோப்பாவுக்குப் போக வேண்டியதில்லை. 2019 மே மாதம் ஹசலக்க பகுதியில் ஒரு முஸ்லிம் பெண் அணிந்திருந்த உடுப்பில் கப்பல் சுக்கான் சக்கரம் அச்சிடப்பட்டிருந்தது. அது தர்மச் சக்கரம் என்று சொல்லி அவரைக் கைது செய்து, இரண்டு வாரத்துக்கு மேல் விளக்கமறியலில் வைத்தார்கள். 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு சாப்பாட்டுக் கடையின் உணவில் கருத்தடை மாத்திரை இருந்ததாகக் கிளம்பிய கதை பள்ளிவாசல் தாக்குதலில் முடிந்தது. அது வெறும் மாவுக் கட்டி என்று பின்னர் அரச பகுப்பாய்வில் தெரிந்தது. பள்ளிவாசல் உச்சியில் உள்ள பிறையைக் காட்டி, முஸ்லிம்கள் சந்திரத் தெய்வத்தை வணங்குகிறார்கள் என்று சொல்லும் வீடியோக்களும் இன்று ஆயிரக்கணக்கில் உண்டு. பிறை, சிறப்பாக உதுமானியக் கொடி வழியாக, நம் அடையாளமாகிப் போன ஒன்று. அதை யாரும் வணங்கவில்லை என்று நாம் எத்தனை தரம் விளக்குகிறோம். அந்த விளக்கத்தைக் கேட்கும் பொறுமையை நாம் மற்றவரிடம் எதிர்பார்க்கிறோம் அல்லவா?

1990 ஒக்டோபர் 30 இல் யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டபோது நான் சிறு பிள்ளை. உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தது ஞாபகம் இருக்கிறது. ஒரு முழுச் சமூகத்துக்கும் ஒரே பெயரை ஒட்டினால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதை அந்தச் சாலையில் படித்தோம். திரும்பி வந்து, பழைய அயலவரோடு மீண்டும் ஒரு தேத்தண்ணி குடிக்கும் நிலைக்கு வர எத்தனை வருடம் எடுத்தது! அந்தச் சிறு நம்பிக்கையை ஒரு மூன்று நிமிட வீடியோவுக்குப் பலி கொடுக்கலாமா?

இதை எழுத எனக்கு முழுத் தகுதி இருக்கிறதென்று சொல்ல மாட்டேன். புத்தளத்தில் இடம்பெயர்ந்து இருந்த காலம், இருபது வயதுகூட இல்லை. ஒரு குளிர்பானத்தின் பெயரைக் கண்ணாடியில் பார்த்தால் அரபியில் இஸ்லாத்துக்கு எதிரான வாசகம் தெரியும் என்ற துண்டுப் பிரசுரம் ஒன்று கைக்குக் கிடைத்தது. கைச்செலவுக் காசில் போட்டோகொப்பி எடுத்து ஜும்ஆவுக்குப் பிறகு பகிர்ந்தேன். நன்மை செய்ததாக நினைத்தேன். அது அடிப்படையற்றது என்று 2000 ஆம் ஆண்டிலேயே எகிப்தின் முஃப்தி சொல்லியிருந்ததைப் பல வருடம் கழித்து ஆசிரியர் கலாசாலையில் படிக்கும்போதுதான் அறிந்தேன். அன்று நான் கொடுத்த தாள்களைத் திரும்பப் பெற வழி இல்லை.

பிள்ளைகளுக்கு என்ன சொல்லலாம்?

மந்திரம், சூனியம், குறி பார்த்தல் இவற்றில் ஆபத்து இல்லை என்று நான் சொல்லவில்லை. ஸிஹ்ர் பெரும் பாவங்களில் ஒன்று. டாரட் பார்க்கும் செயலி, ராசி சொல்லும் செயலி என்று கைத்தொலைபேசிக்குள் அது விளையாட்டாக வருகிறது. நம் பிள்ளைகள் சிலர் பகிடியாக அதைத் திறக்கிறார்கள். பெற்றோர் கவனிக்க வேண்டியது அதைத்தான். கொம்பு வைத்த உருவத்துக்குப் பயப்படும் அதே பிள்ளை, ‘உன் நாளை எப்படி இருக்கும்’ என்று கேட்கும் செயலிக்குப் பயப்படுவதில்லை.

ஒரு சின்னத்தைப் பற்றிய வீடியோ வந்தால் மூன்று கேள்விகளைக் கேட்கப் பழக்குங்கள். இதை முதலில் வரைந்தவர் யார், எந்த வருடம்? வரைந்தவர் என்ன பொருள் சொன்னார்? பிறகு வந்தவர்கள் அதை எதற்குப் பயன்படுத்தினார்கள்? பதில் இல்லாத வீடியோவை மேலே அனுப்ப வேண்டாம். செய்தி வந்தால் தெளிவுபடுத்திக்கொள்ளும்படி ஸூரா ஹுஜுராத் சொல்வதும், அறிவில்லாததைப் பின்தொடராதே என்று ஸூரா இஸ்ரா சொல்வதும் வட்ஸ்அப்புக்கும் பொருந்தும்.

உலமாக்களிடமும் ஒரு வேண்டுகோள். இளைஞர்கள் இந்தக் கதைகளைக் கேட்டு உங்களிடம் வந்தால், பயமுறுத்தி அனுப்ப வேண்டாம். பயத்தில் பிடித்த ஈமான் அடுத்த வீடியோ வரும்வரைதான் நிற்கும். தஜ்ஜால், ஷைத்தான் பற்றி நம் மார்க்கம் சொல்வதைச் சொல்லுங்கள். அதற்கு யூடியூப் கதைகளின் துணை தேவையில்லை.

அந்த மகனுக்கு இவ்வளவையும் இரண்டு நாள் மாலையில் சொன்னேன். பெயரின் கதையைக் கேட்டபோது அவன் முகம் மாறியது. உடனே கைத்தொலைபேசியை எடுத்து எதையோ அழித்தான். அனுப்பியது அவனுடைய மாமாவாம். “மாமாவுக்கு என்னண்டு சேர் சொல்லுறது?” என்று கேட்டான். ஏசாமல், இந்தக் கதையையே எழுதி அனுப்பச் சொன்னேன். பெரியவருக்கு எப்படி எழுதுவது என்று தயங்கினான். அதனால்தான் நானே எழுதிவிட்டேன். இதை அவன் தன் மாமாவுக்கு அனுப்பலாம்.

நண்பன் வீட்டுக்குப் போனானா என்று நான் இன்னும் கேட்கவில்லை. கேட்கத்தான் இருக்கிறேன்.

யாவற்றையும் நன்கறிந்தவன் அல்லாஹ்.